செடி எண்ணெய் தோலுக்கு அரண் ஆகுமா? லினோலிக் அமிலத்திலிருந்து ‘தாவர செராமைடு’ வரை

சென்னையில் கொஞ்சம் பெரிய மருந்துக் கடை எதற்குள் போனாலும் ஒரு அடுக்கு முழுக்க ‘தோல் அரண்’ கிரீம்கள்தான் இப்போது. அரிசி செராமைடு, ஓட்ஸ் கொழுப்பு, தாவர லிப்பிட் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. அதே தெருவில் மரச்செக்கு எண்ணெய்க் கடை இருக்கும், அங்கே தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும்தான் இயற்கையான மாய்ஸ்ச்சரைசர் என்று எழுதி வைத்திருப்பார்கள். வீட்டில் பாட்டி எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார், ரீல்ஸில் ஒரு டாக்டர் எண்ணெயே கூடாது என்கிறார், இன்னொருவர் சூரியகாந்தி எண்ணெய் மட்டும் சரி என்கிறார்.

இதில் எல்லாரிடமும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. எண்ணெய் என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் ஒவ்வொரு செடியின் கொழுப்பும் வேறு வேறு. தோல் கேட்பதோ குறிப்பிட்ட சில கொழுப்புகளை. இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்காமல் ‘எண்ணெய் நல்லதா கெட்டதா’ என்று கேட்டால் பதிலே கிடைக்காது. அதனால் அடியிலிருந்து வருவோம்.

‘அரண்’ என்று எதைச் சொல்கிறோம்

தோலின் ஆக மேலே இருக்கும் மெல்லிய படலத்துக்கு ஸ்ட்ராட்டம் கார்னியம் என்று பெயர். இங்கே மேல்படலம் என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளங்கை, உள்ளங்காலை விட்டுவிட்டால் உடம்பின் பெரும்பாலான இடங்களில் இதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டாது. அதற்குள் இறந்து தட்டையான செல்கள் பதினைந்து இருபது அடுக்காகக் கிடக்கின்றன.

பீட்டர் எலயாஸ் என்ற அமெரிக்கத் தோல் ஆய்வாளர் இதைச் செங்கல் சுவர் என்று விளக்கினார், அந்த விளக்கம்தான் இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவில் இருக்கும் கொழுப்பு சாந்து. தண்ணீரை உள்ளே தக்கவைப்பதில் பெரிய பங்கு செங்கலுக்கு இல்லை, சாந்துக்குத்தான்.

இந்த அரணின் வேலை இரண்டு: உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் போகாமல் பார்ப்பது, வெளியே இருக்கும் கிருமி, சோப்பு, தூசி, ஒவ்வாமைப் பொருள் உள்ளே வராமல் தடுப்பது. முதல் வேலை எப்படி நடக்கிறது என்று கருவி வைத்து அளக்கலாம், அதற்குத் தோல்வழி நீரிழப்பு என்று பெயர். நல்ல தோலில், முன்கையில் அளந்தால், ஒரு மணி நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் அளவுக்கு நீர் போகும். அரண் உடைந்தால் அது பல மடங்கு ஏறும். கரப்பான் என்று நம் ஊரில் சொல்லும் எக்ஸிமா வந்த தோலில் நடப்பது இதுதான். நீர் போகிறது, வறள்கிறது, அரிக்கிறது, சொறிகிறோம், சொறிந்த இடத்தில் ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா குடியேறுகிறது, அழற்சி கூடுகிறது, அழற்சி கூடினால் தோல் தன் கொழுப்பைச் செய்வது இன்னும் குறைகிறது. இந்தச் சுற்றை எங்கேயாவது வெட்டத்தான் மாய்ஸ்ச்சரைசரும் எண்ணெயும்.

சாந்தில் என்ன சரக்கு இருக்கிறது

மூன்று வகை கொழுப்பு.

1. செராமைடுகள். எடைக்கணக்கில் கிட்டத்தட்டப் பாதி. இவற்றில் பல வகை உண்டு.
2. கொலஸ்ட்ரால். சுமார் கால் பங்கு. இரத்தப் பரிசோதனையில் பார்த்துப் பயப்படும் அதே பொருள்தான், தோலுக்கு இது இல்லாமல் முடியாது.
3. கொழுப்பு அமிலங்கள், தனித்து நிற்கும் வடிவத்தில். 10 முதல் 15 சதவீதம். பெரும்பாலும் 22, 24 கார்பன் நீளமுள்ள நீண்ட சங்கிலிகள்.

இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சாந்து ஒழுங்காக அடுக்கடுக்காக அமையும். இதை எலயாஸின் குழு 1990களில் அழகாகக் காட்டியது. எலிகளின் தோலில் அசிட்டோன் வைத்துக் கொழுப்பைத் துடைத்து எடுத்துவிட்டு, மேலிருந்து கொழுப்பைத் தடவிப் பார்த்தார்கள். மூன்றில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் தடவினால் தோல் குணமாவது தாமதமாயிற்று. மூன்றையும் சம அளவில் தடவினால் வழக்கமான வேகத்தில் குணமாயிற்று. மூன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஒன்றைக் கூட்டிக் கொடுத்தபோது வழக்கத்தைவிட வேகமாகவே குணமாயிற்று. ‘செராமைடு இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும் கிரீமைப் பற்றி யோசிக்கும்போது இந்தச் சோதனையை மனதில் வையுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். தோல் இந்தக் கொழுப்புகளை அப்படியே சுரப்பதில்லை. முன்வடிவில் அனுப்பி, மேல்படலத்துக்கு வந்தபிறகு என்சைம்கள் அதை வெட்டிச் செராமைடாக மாற்றுகின்றன. அந்த என்சைம்களுக்கு அமிலச் சூழல் வேண்டும். நம் தோலின் பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு, 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) இயல்பாக 4.5 முதல் 5.5 வரை இருப்பது சும்மா இல்லை. சாதாரணச் சோப்பின் பிஹெச் 9, 10. ஒரு நாளைக்கு மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு மேலே எவ்வளவு விலை உயர்ந்த கிரீமைப் பூசினாலும், உள்ளே சாந்து தயாராகும் இடத்தை நாமே கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

செடிக்கும் இந்தச் சாந்துக்கும் உள்ள தொடர்பு

இந்தக் கதை 1929இல் தொடங்குகிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்தார்கள். எலிகளின் தோலும் வாலும் செதில் செதிலாகிவிட்டன, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் போதவில்லை, வளர்ச்சியும் நின்றது. அடுத்த ஆண்டு லினோலிக் அமிலம்தான் அந்த எலிகளுக்குத் தேவைப்பட்ட கொழுப்பு என்று சொன்னார்கள். மனித உடம்பாலும் இதைச் செய்துகொள்ள முடியாது. செடியிடமிருந்துதான் வர வேண்டும், நேராகவோ, செடியைத் தின்ற விலங்கின் வழியாகவோ.

காரணம் பின்னாளில் தெரிந்தது. செராமைடுகளில் ஒரு வகை மிக நீளமானது, 30 கார்பனுக்கும் மேல் போகும் சங்கிலி, அதன் நுனியில் லினோலிக் அமிலம் கோத்திருக்கும். சாந்தின் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிப்பதில் இந்த வகைக்குப் பெரிய பங்கு. லினோலிக் கிடைக்காதபோது தோல் அந்த இடத்தில் ஓலிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலத்தைக் கோத்துவிடுகிறது, அப்போது சுவர் கசிய ஆரம்பிக்கிறது. 1970களில், இந்தக் குறைபாடு வந்த நோயாளிகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெயைத் தடவியே சரிசெய்து காட்டினார்கள். தின்னாமல் தடவியே தோலுக்குள் லினோலிக்கைச் சேர்க்கலாம் என்பதற்கு அதுதான் முதல் வலுவான ஆதாரங்களில் ஒன்று.

ஆக, செடிகள் தரக்கூடியவற்றை இப்படிப் பிரிக்கலாம்:

1. லினோலிக் அமிலம். இதில் சந்தேகமே இல்லை, தோலுக்கு நேரடியாகத் தேவை.

2. தாவர ஸ்டெரால்கள். செடிகளில் கொலஸ்ட்ரால் அநேகமாக இல்லை, அதன் உறவான பீட்டா சிட்டோஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால் போன்றவைதான் இருக்கின்றன. இவை கொலஸ்ட்ராலின் இடத்தை முழுசாகப் பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது. கிரீம்களில் வரும் கொலஸ்ட்ரால் வழக்கமாக ஆட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து எடுப்பது. முழுக்கத் தாவரம் என்று சொல்லும் கிரீம் அதைச் சேர்க்க முடியாமல் இந்த உறவுக்காரரை வைத்துச் சமாளிக்கிறது.

3. தாவர செராமைடு. இங்கேதான் குழப்பம் அதிகம். அரிசி, கோதுமை, கொன்யாக்குக் கிழங்கு ஆகியவற்றில் இருப்பது குளூக்கோஸ் ஒட்டிய செராமைடு. நம் தோலிலும் முன்வடிவில் குளூக்கோஸ் ஒட்டித்தான் இருக்கும், ஆனால் செடியினுடையதன் அடிப்படைச் சங்கிலி வேறு மாதிரி, கொழுப்பு அமிலங்களும் பொதுவாகக் குட்டையானவை. நெருங்கிய சொந்தம், ஆனால் அதே ஆள் இல்லை. இதைவிட முக்கியம், மனிதத் தோலில் இருக்கும் அதே வகைச் செராமைடு (லேபிளில் செராமைடு என்பி என்று வரும்) கிரீமுக்குப் போகும்போது பெரும்பாலும் செடியிலிருந்து போவதில்லை. அதன் அடிப்படைப் பொருளை ஒரு வகை ஈஸ்ட்டைப் புளிக்கவைத்து எடுத்து, பிறகு வேதியியல் முறையில் கொழுப்பு அமிலம் சேர்க்கிறார்கள். இதில் தப்பு ஒன்றுமில்லை, நல்ல தொழில்நுட்பம்தான். பெட்டியில் நெற்கதிர் படம் போட்டிருப்பதால் உள்ளே இருப்பதெல்லாம் நெல்லிலிருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

4. தடிமனான கொழுப்புகள், மெழுகுகள். ஷியா வெண்ணெய், கொக்கோ வெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவை. சாந்துக்குள் போய்ச் சேர்வது குறைவு, மேலே மூடி நிற்பதுதான் வேலை.

அரிசி செராமைடு மாத்திரையாகவும் வருகிறது. ஜப்பானில் 2015இல் வந்த செயல்பாட்டு உணவு விதிப்படி, தோலின் ஈரத்தைக் காக்கும் என்று எழுதி இதை விற்கிறார்கள். அது நிறுவனமே ஆதாரங்களைத் தாக்கல் செய்து எழுதும் முறை, அரசு சோதித்துக் கொடுத்த சான்றிதழ் இல்லை. அங்கே செய்த ஆய்வுகளில் நீரிழப்பு ஓரளவு குறைந்ததாக வந்திருக்கிறது. அந்த ஓரளவுக்காக மாதாமாதம் ஆயிரக்கணக்கில் செலவழிக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

எண்ணெயைத் தடவினால் நடப்பது

பாட்டிலில் இருக்கும் எண்ணெயில் கொழுப்பு அமிலம் தனியாக இல்லை, மூன்று மூன்றாகக் கிளிசராலோடு கட்டப்பட்டிருக்கிறது (டிரைகிளிசரைடு என்பது இதுதான்). தடவியதும் பெரும்பகுதி மேலேயே, முதல் சில அடுக்குகளில் நின்றுவிடும். அங்கே நின்று நீர் ஆவியாவதைக் குறைக்கும், செதில்களைப் படியவைக்கும், தோல் மென்மையாகத் தெரியும். இது உடனே கிடைக்கும் பலன், ஏறக்குறைய எல்லா எண்ணெய்க்கும் பொது. இந்த ஒரு வேலையில் எந்தச் செடி எண்ணெயும் பெட்ரோலியம் ஜெல்லியை முந்த முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் மெதுவாக, தோலில் இருக்கும் என்சைம்களும் பாக்டீரியாக்களும் அந்தக் கட்டை அவிழ்த்துக் கொழுப்பு அமிலங்களை விடுவிக்கின்றன. இங்கேதான் எண்ணெய்க்கு எண்ணெய் வித்தியாசம் வருகிறது. லினோலிக் விடுபட்டால் தோல் அதைச் சாந்துக்குள் எடுத்துக்கொள்ளும். ஓலிக் அதிகமாக விடுபட்டால் கதை வேறு. ஓலிக் அமிலம் சாந்தின் அடுக்குகளைக் கலைத்துவிடும், அது எவ்வளவு உறுதியான விஷயம் என்றால் மருந்தைத் தோல் வழியாக உள்ளே அனுப்ப வேண்டும் என்றால் ஆய்வகங்களில் ஓலிக் அமிலத்தையே சேர்க்கிறார்கள்.

நம் வீட்டு எண்ணெய்கள்

தேங்காய் எண்ணெயைத்தான் முதலில் பார்க்க வேண்டும், நம் ஊரில் எல்லாரும் எடுப்பது அதைத்தான். இதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். லினோலிக் 2 சதவீத அளவில்தான், ஆகவே சாந்துக்கு வேண்டிய சரக்கை இது தருகிறது என்று சொல்ல முடியாது. ஓலிக்கும் குறைவு என்பதால் பெரிதாகக் கலைப்பதும் இல்லை. லாரிக் அமிலத்துக்கும் அதிலிருந்து வரும் மோனோலாரினுக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் குணம் உண்டு, கரப்பான் தோலில் இதற்குத் தனி மதிப்பு. பிலிப்பைன்ஸில் நடந்த ஒரு ஆய்வில் ஸ்டேஃபிலோகாக்கஸ் இருந்த 20 கரப்பான் நோயாளிகள் வெர்ஜின் தேங்காய் எண்ணெய் தடவியபிறகு ஒருவரிடம் மட்டுமே அது மிச்சம் இருந்தது, ஆலிவ் எண்ணெய் தடவிய 12 பேரில் 6 பேரிடம் மிச்சம் இருந்தது. அதே நாட்டில் 117 குழந்தைகளை வைத்து எட்டு வாரம் செய்த இன்னொரு ஆய்வு 2014இல் வெளியானது. கரப்பானின் தீவிர மதிப்பெண் தேங்காய் எண்ணெயில் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது, மினரல் ஆயிலில் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்) 38 சதவீதம். சின்ன ஆய்வுகள்தான். ஆனாலும் பாட்டி சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் இவற்றைப் படித்துவிட்டுத் தள்ள வேண்டும்.

சூரியகாந்தி எண்ணெய்: லினோலிக் சாதாரண வகையில் 60 சதவீதம் அளவு. அரண் என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால் சமையலறையில் இருக்கும் எண்ணெய்களில் இதற்குத்தான் நல்ல ஆதாரம். ஒன்றைக் கவனிக்க வேண்டும், ‘ஹை ஓலிக்’ என்று ஒரு ரகம் விற்கிறது, அதில் ஓலிக் முக்கால் பங்குக்கு மேல். சமையலுக்கு நல்லது, தோலுக்கு நாம் தேடுவது அதுவல்ல. குசும்பப்பூ விதை எண்ணெயிலும் சாதாரண ரகத்தில் லினோலிக் 75 சதவீதம் வரை இருக்கும்.

நல்லெண்ணெயில் லினோலிக்கும் ஓலிக்கும் ஏறக்குறைய சமம், தலா 40 சதவீதம். நடுத்தரம். எண்ணெய்க் குளியலில் இது தோலில் இருப்பது கொஞ்ச நேரம்தான், அப்புறம் சீயக்காய் போட்டுத் தேய்த்து எடுத்துவிடுகிறோம். குளிக்கும் முன் எண்ணெய் இருப்பதால் சோப்போ சீயக்காயோ நேரடியாகத் தோலின் சொந்தக் கொழுப்பை உரிப்பது குறையும், அந்த அளவில் நல்ல பழக்கம். நறநறவென்ற பொடியை வைத்துப் பலமாகத் தேய்த்தால் அந்தப் பலனும் போய்விடும்.

ஆலிவ் எண்ணெய்: குழந்தைக்குத் தேய்க்க என்று காசு கொடுத்து வாங்கும் வீடுகள் சென்னையில் நிறைய. ஓலிக் 70 சதவீதம் அளவு, லினோலிக் 10ஐச் சுற்றி. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகக் குழு 19 பெரியவர்களின் முன்கையில் சில வாரம் தினம் இருமுறை தடவிப் பார்த்து 2013இல் வெளியிட்டது. ஆலிவ் தடவிய தோலில் மேல்படலத்தின் உறுதி குறைந்தது, லேசாகச் சிவந்தது. சூரியகாந்தியில் அப்படி ஆகவில்லை. வறண்ட தோலுக்கும் கைக்குழந்தைக்கும் ஆலிவ் வேண்டாம் என்று நான் திட்டமாகச் சொல்வேன்.

கடுகு எண்ணெய் நம் பக்கம் குறைவு, வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் தேய்ப்பதுண்டு. காரமான ஐசோதயோசயனேட் இருக்கிறது, எலிச் சோதனையில் அரண் குணமாவதைத் தாமதப்படுத்தியது. கடலை எண்ணெயில் ஓலிக் அதிகம், அதைவிட ஒவ்வாமைதான் கவலை: வேர்க்கடலை எண்ணெய் கலந்த பூச்சுகளை அழற்சியுள்ள தோலில் தடவிய குழந்தைகளுக்குப் பின்னாளில் வேர்க்கடலை ஒவ்வாமை அதிகம் இருந்தது என்று 2003இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. புண்ணான தோலில் கடலை எண்ணெய் கூடாது. விளக்கெண்ணெய் கிட்டத்தட்ட முழுக்க ரிசினோலிக் அமிலம், கெட்டியாக மூடி நிற்கும், குதிகால் வெடிப்புக்குச் சரி. தவிட்டு எண்ணெயில் ஸ்டெரால்கள் நிறைய, ஓலிக் லினோலிக்கைவிடச் சற்று அதிகம், பரவாயில்லை ரகம்.

செக்கா, ரீஃபைண்டா?

சுத்திகரிக்கும்போது ஸ்டெரால்களிலும் வைட்டமின் ஈ-யிலும் ஒரு பகுதி போய்விடும், வாசனையும் நிறமும் போய்விடும். ஆனால் கொழுப்பு அமில விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதாவது செக்கில் ஆட்டியதால் தேங்காய் எண்ணெயில் லினோலிக் கூடிவிடாது, ரீஃபைண்டு செய்ததால் சூரியகாந்தியில் அது குறைந்துவிடாது. மறுபக்கம், செக்கு எண்ணெயில் விதையின் புரதம் துளியளவு மிச்சம் இருக்கும், எள், கடலை ஒவ்வாமை இருப்பவர்களுக்கு இது ஆபத்து. லினோலிக் அதிகமுள்ள எண்ணெய் காற்றிலும் வெயிலிலும் சீக்கிரம் சிக்குப்பிடிக்கும், அப்படிக் கெட்ட எண்ணெய் தோலை எரிச்சலூட்டும். சின்னப் பாட்டிலாக வாங்கி, அடுப்பு மேடையில் வைக்காமல், இருட்டான இடத்தில் வையுங்கள்.

சென்னையில் இது எப்படி மாறுகிறது

பெரும்பாலான ஆய்வுகள் குளிர்ந்த, வறண்ட நாடுகளில் நடந்தவை. இங்கே நிலைமை வேறு.

1. ஈரக்காற்று. வெளியில் இருக்கும் நேரம் முழுக்கக் காற்றே தோலை ஈரமாக வைத்திருக்கிறது. அக்னி நட்சத்திர நாளில் உடம்பு முழுக்க எண்ணெய் பூசிக்கொண்டு போனால் வியர்வைக் குழாய்கள் அடைபட்டு வேர்க்குரு கிளம்பும்.

2. ஏசி. ஓஎம்ஆர் அலுவலகத்தில் எட்டு ஒன்பது மணி நேரம், இரவில் படுக்கையறையில் இன்னொரு ஏழு மணி நேரம். ஊர் ஈரமாக இருந்தாலும் நம்மில் பலர் வாழ்வது வறண்ட காற்றில். கை, முழங்கால், உதடு வறள்வதற்குக் காரணம் தேடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

3. தண்ணீர். போர்வெல், லாரித் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். கால்சியம் சோப்போடு சேர்ந்து தோலில் படியும், சோப்புச் சரக்கு கழுவினாலும் முழுசாகப் போகாது, அதனால் அரண் பாதிக்கும் என்று 2018இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. உடனே வாட்டர் சாஃப்ட்னர் வாங்க ஓட வேண்டாம். 336 கரப்பான் குழந்தைகளின் வீட்டில் சாஃப்ட்னர் பொருத்திப் பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது, நோயில் கூடுதல் பலன் இல்லை. சோப்பைக் குறைத்து, பிஹெச் குறைந்த சிண்டெட் கட்டிக்கு (சோப்பு இல்லாத குளியல் கட்டி) மாறுவது மலிவு.

4. பூஞ்சை. நம் ஊரில் பெரிய பிரச்சினையே இதுதான். பொடுகுக்கும், முதுகில் மார்பில் வரும் தேமலுக்கும் காரணமான மலசீசியா ஈஸ்ட்டுக்குத் தன் கொழுப்பைத் தானே செய்துகொள்ளத் தெரியாது, வெளியிலிருந்து வர வேண்டும். ஆய்வகத்தில் அதை வளர்க்கவே ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். 11 முதல் 24 கார்பன் நீளக் கொழுப்பு அமிலங்கள் அதற்குத் தீனி, சமையல் எண்ணெய் எல்லாம் அந்த எல்லைக்குள்தான் வரும். ஆகவே பொடுகுள்ள தலை, தேமல் உள்ள முதுகு, முகப்பரு வரும் முகம் ஆகிய இடங்களில் லினோலிக், லாரிக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், எண்ணெயைத் தவிர்ப்பதே சரி. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ் மடிப்பு போன்ற இடங்களும் அப்படியே.

குழந்தைகளுக்கு

டாக்கா சிசு மருத்துவமனையில், வங்கதேசத்தில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவு: மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 சதவீதம் குறைவு. அரண் முழுசாக உருவாகாத உடம்பில் தோல் வழியாகக் கிருமி நுழைவதை ஒரு சமையல் எண்ணெய் அவ்வளவு தடுத்தது பெரிய விஷயம். உலக சுகாதார நிறுவனமும் 2022இல், குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கு எண்ணெய் தடவுவதைப் பரிசீலிக்கலாம் என்று சொன்னது.

ஆனால் இதை அப்படியே நிறைமாதக் குழந்தைக்குத் தூக்கிப்போட முடியாது. இங்கிலாந்தில் மான்செஸ்டரில், நல்ல நிலையில் பிறந்த குழந்தைகளுக்கு ஆலிவ், சூரியகாந்தி இரண்டையும் தடவிப் பார்த்தபோது ஈரப்பதம் கூடியது, ஆனால் சாந்தின் அடுக்கமைப்பு எண்ணெயே தடவாத குழந்தைகளைவிடப் பின்தங்கியது. பரம்பரையாகக் கரப்பான் வரும் குடும்பங்களில் 1,394 குழந்தைகளை வைத்து நடந்த பிரிட்டிஷ் ஆய்வு (2020), முதல் வருடம் முழுக்கத் தினம் மாய்ஸ்ச்சரைசர் தடவினாலும் கரப்பானைத் தடுக்க முடியவில்லை என்று சொன்னது: இரண்டு வயதில் தடவிய குழந்தைகளில் 23 சதவீதம் பேருக்கும், தடவாதவர்களில் 25 சதவீதம் பேருக்கும் கரப்பான் இருந்தது. அவர்கள் தடவியது செடி எண்ணெய் அல்ல, பாரஃபின் வகை. இருந்தாலும் ‘இப்போதே தடவினால் பின்னால் வராது’ என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். கரப்பான் ஏற்கெனவே வந்த குழந்தைக்கு மாய்ஸ்ச்சரைசர் கட்டாயம் வேண்டும், அது வேறு பேச்சு.

எண்ணெய் மசாஜில் தாயின் கை படுவதும் குழந்தை நிம்மதியாகத் தூங்குவதும் தனி நன்மைகள், அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. தோல் சிவக்காமல், மடிப்புகளில் எண்ணெய் தேங்காமல், மெல்லிய அளவில் தேய்த்தால் போதும்.

கிரீம் பெட்டியைப் படிப்பது எப்படி

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் சரக்குகளை அளவு குறையும் வரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். செராமைடுகள் அநேகமாக எப்போதும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கும், ஆகவே பட்டியலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்து ‘நிறைய போட்டிருக்கிறார்கள்’ என்று முடிவுகட்ட முடியாது. பார்க்க வேண்டியவை வேறு:

1. செராமைடோடு கொலஸ்ட்ரால் (அல்லது தாவர ஸ்டெரால்), கொழுப்பு அமிலம் மூன்றும் இருக்கின்றனவா.
2. கிளிசரின் முதல் ஐந்து பெயர்களுக்குள் வருகிறதா. விலை குறைந்த சரக்கு, நன்றாக வேலை செய்யும்.
3. நியாசினமைடு (வைட்டமின் பி3இன் ஒரு வடிவம்) இருந்தால் நல்லது, தோலே செராமைடு செய்வதை அது தூண்டுகிறது.
4. வாசனைப் பொருள் இல்லாதது. தாவர வாசனை எண்ணெய்களும் இதில் சேரும், லாவெண்டர், எலுமிச்சை என்று இயற்கைப் பெயர் இருந்தாலும் உடைந்த தோலில் ஒவ்வாமை உண்டாக்கக் கூடியவை அவை.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் 550 கரப்பான் குழந்தைகளை நான்கு குழுவாகப் பிரித்து, லோஷன், கிரீம், ஜெல், களிம்பு என்று குழுவுக்கு ஒரு வகை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. நான்குக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. எது குழந்தைக்குப் பிடித்து, தினமும் தடவ முடிகிறதோ அதுவே நல்ல மாய்ஸ்ச்சரைசர். ஐம்பது கிராம் டியூப்பை மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்துத் தடவுவதைவிட, பெரிய டப்பா சாதாரணக் கிரீமைத் தாராளமாகத் தடவுவது நல்லது.

அப்படியானால் எதைத் தடவுவது

சாதாரண வறட்சி, ஏசியால் வந்தது: குளித்து ஈரம் ஒற்றியெடுத்த உடனே கிளிசரின் உள்ள கிரீம், அதன்மேல் வேண்டுமானால் சில சொட்டு சூரியகாந்தி அல்லது தேங்காய் எண்ணெய். ஈரத் தோலில் தடவுவதுதான் முக்கியம், எண்ணெயில் தண்ணீர் இல்லை, அது இருக்கிற நீரை மூடித்தான் வைக்கும். கரப்பான் இருப்பவர்கள்: மருத்துவர் கொடுத்த மருந்தோடு மூன்று கொழுப்பும் உள்ள கிரீம் அல்லது பெட்ரோலியம் ஜெல்லி, தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொண்டால் அதுவும். புது எண்ணெய் எதுவானாலும் முழங்கையின் உள்பக்கம் சில நாள் தடவிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து, அரிக்கும் தடிப்பு வந்தால் அது வறட்சியல்ல, படர்தாமரையாக இருக்கலாம். அதில் எண்ணெய் தடவ வேண்டாம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ‘மூன்று மருந்து கலந்த’ டியூப்பும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது, அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். ஸ்டீராய்டு தோலின் சொந்தக் கொழுப்பு உற்பத்தியையும் குறைக்கிறது, அதாவது இவ்வளவு நேரம் பேசிய சாந்தையே அது தேய்க்கிறது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மூன்றிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை தடவிய டியூப், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள், அன்று காலை எதுவும் தடவாமல் போங்கள், பூஞ்சையா என்று சுரண்டி எடுத்துப் பார்ப்பதற்கு அதுதான் வசதி.